120 டாலருக்கு வரும் பழைய பிஸ்டலை வாங்கலாமா?

வடக்குடாலஸ் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லை, அதனால் பொருளோடு போயிற்று. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் தன் பழைய பிஸ்டலை 120 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். டாரஸ் பிடி-111 மில்லேனியம் ப்ரோ, 9 எம்எம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் டிரக்கின் க்ளவ் பாக்ஸில்தான் கிடக்கிறதாம். "நூறு தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டேன், புதுசு மாதிரி" என்கிறார். கடையில் விசாரித்தால் புதியது எல்லாமே இதைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை.

எனக்கு கிரீன் கார்டு உண்டு. இதுவரை துப்பாக்கியைக் கையில் பிடித்ததில்லை. வீட்டில் 6 வயதுப் பையன் இருக்கிறான். பழையது வாங்குவதில் என்ன பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய இரும்பு

தம்பி, விலையை விடு. முதலில் அந்த மாடல் பெயரைப் பார். பிடி-111 மில்லேனியம், வழக்கில் சிக்கிய பெயர்.

2013ல் அயோவா மாநிலத்தில் ஒரு ஷெரிப் அலுவலக அதிகாரி ஓர் ஆளைத் துரத்தி ஓடும்போது அவருடைய டாரஸ் பிஸ்டல் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, தானாகவே சுட்டுவிட்டது. குண்டு ஆளில்லாத ஒரு காரில் பாய்ந்தது. அவர் தொடுத்த வழக்கு நாடு முழுக்க உள்ள உரிமையாளர்களுக்கான வழக்காக விரிந்து, 2016ல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்பது மாடல்கள், சுமார் 10 லட்சம் பிஸ்டல்கள் அந்தச் சமரசத்துக்குள் வந்தன. பிடி-111 மில்லேனியம் அதில் ஒன்று. பிடி-140, பிடி-145, 24/7 எல்லாம் அதே பட்டியல். பின்னால் வந்த பிடி-111 ஜி2 அதில் இல்லை. பேர் ஒன்றுபோலவே இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உன் நண்பர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. பத்து வருஷம் க்ளவ் பாக்ஸில் வைத்திருந்தவருக்கு இந்தச் செய்தி எட்டியே இருக்காது. கார் என்றால் திரும்பப் பெறும் அறிவிப்பு வீட்டுக்குத் தபாலில் வரும். துப்பாக்கி கை மாறிவிட்டால் அது யாரிடம் இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மிக்ஸி, குழந்தைத் தொட்டில் எதில் கோளாறு என்றாலும் திரும்பப் பெறச் சொல்ல ஓர் அரசு அமைப்பு உண்டு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். 1972ல் அதற்கான சட்டத்தை எழுதும்போதே துப்பாக்கியை அதன் கைக்கு எட்டாமல் ஒதுக்கிவிட்டார்கள். கோளாறான துப்பாக்கியைத் திரும்பப் பெறு என்று அந்த ஆணையம் உத்தரவிட முடியாது. நிறுவனம் தானாக அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அடிபட்டு வழக்குப் போட வேண்டும். அதனால்தான் பழைய துப்பாக்கி வாங்குகிறவன் தானே ஆணையம் மாதிரி உட்கார்ந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. மாடல், சீரியல் எண் இரண்டையும் எழுதிக்கொண்டு நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேள். அதற்கு முன்னால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே.

---

கரிசல்காட்டான்

அண்ணா சொல்வது சரி. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் "மலிவு என்றாலே ஆபத்து" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னிடம் ஒரு ஹை-பாயிண்ட் இருக்கிறது. பார்க்க அழகில்லை, செங்கல் மாதிரி கனம். மேலே நகரும் ஸ்லைடு துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் கனம்தான் அதன் பாதுகாப்பே. பூட்டிப் பிடிக்கும் அமைப்பு எதுவும் இல்லாமல், ஸ்லைடின் எடையும் ஸ்ப்ரிங்கும் மட்டும் சேர்ந்து வெடிப்பின் வேகத்தைத் தாங்கும் வகை அது. இலேசான ஸ்லைடாக இருந்தால் 9 எம்எம் தோட்டாவுக்குத் தாங்காது. எத்தனை கை மாறினாலும் ஆயுள் முழுக்க இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறார்கள். ஆறு வருஷமாகச் சுடுகிறேன். மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உதடு வளைந்து இரண்டு முறை தோட்டா மாட்டியதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

விலை கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ராணுவமே தேர்ந்தெடுத்த வகையைச் சேர்ந்த சிக் பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுடலாம் என்று தெரிந்து, 2017 ஆகஸ்டில் விசைப் பகுதியை இலவசமாக மாற்றித் தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. அதற்கு முன் விற்றதில் ஒன்றைப் பழையதாக வாங்கினால் அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. மான் வேட்டைக்காரர்கள் தேடித் தேடி வாங்கும் ரெமிங்டன் 700 ரைஃபிளும் அப்படித்தான். விசையைத் தொடாமலே சுட்டுவிடுகிறது என்ற புகார்களின் மேல் நடந்த வழக்கில் ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பழைய விசையோடு இன்னும் எத்தனையோ அலமாரிகளில் நிற்கின்றன.

---

பழைய இரும்பு

கரிசல் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் பயப்படுவது வேறு வகை மலிவு.

1968ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டிலிருந்து மலிவான சின்னக் கைத்துப்பாக்கிகள் வருவதை நிறுத்தியது. உள்நாட்டில் செய்வதை நிறுத்தவில்லை. அந்த ஓட்டையில்தான் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லோர்சின், டேவிஸ் என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன பிஸ்டல்கள், துத்தநாக வார்ப்பு. 60, 70 டாலருக்கு விற்றார்கள். இன்றைக்கும் அடகுக் கடைக் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் கிடக்கும்.

இதில் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். 1994, கலிபோர்னியா. ஒரு வீட்டில் பிரைகோ .380 பிஸ்டல் இருந்தது. குடும்பத்துக்குப் பழக்கமான ஓர் இளைஞர் அதைக் காலி செய்து வைக்கலாம் என்று எடுத்தார். நல்ல எண்ணம்தான். அந்த மாடலில் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால் ஸ்லைடை இழுக்க முடியாது. உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியைத் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்த்தினார், கை விசையில் பட்டது. எதிரே இருந்த 7 வயதுச் சிறுவனின் முகவாயில் குண்டு பாய்ந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2003ல் ஜூரி, நிறுவனத் தரப்பு மட்டும் சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றது. உடனே நிறுவனம் திவால் மனு போட்டது. ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பையனே பணம் திரட்டி ஏலம் கேட்டான். மிச்சம் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் உருக்கிவிட வேண்டும் என்பதற்காக. கிடைக்கவில்லை. 5 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு, அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் வாங்கினார்.

காலி செய்வதற்கே சேஃப்டியை எடுக்க வேண்டும் என்ற அமைப்பு வேறு சில துப்பாக்கிகளிலும் உண்டு. நீ வாங்கப்போவது எந்த வகை என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்.

---

ஞாயிறு ரேஞ்ச்

என் அனுபவம். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கன் ஷோவில் .38 ரிவால்வர் ஒன்றை 180 டாலருக்கு வாங்கினேன். ரிவால்வரில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற நினைப்பு. நிக்கல் பூச்சு பளபளவென்று இருந்தது.

முதல் ஞாயிறு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் ஆறு தோட்டா போட்டுச் சுட்டேன். மூன்றாவது சுடும்போது பக்கத்துத் தடுப்பில் நின்றவர் "ஏய்" என்று கன்னத்தைப் பிடித்தார். கையை எடுத்தால் கன்னத்தில் ஊசி குத்தியதுபோல இரண்டு ரத்தப் புள்ளிகள். ஈயச் சில்லு. தடுப்புப் பலகையின் விளிம்பைத் தாண்டி அவர்மேல் தெறித்திருக்கிறது. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தார். நான் அப்படியே துப்பாக்கியை இலக்கைப் பார்த்து வைத்துவிட்டு நின்றேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்த்துவிட்டுச் சொன்னார்: சிலிண்டர் சுழன்று நிற்கும் இடம் தேய்ந்துபோயிருக்கிறது. சுத்தியல் விழும் நேரத்தில் தோட்டா அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை. குண்டு குழலின் வாயில் உரசிக்கொண்டு நுழைகிறது, சீவிய ஈயம் பக்கவாட்டு இடைவெளியில் வெளியே பறக்கிறது. சரிசெய்ய அவர் கேட்டது 220 டாலர். துப்பாக்கி விலையைவிட அதிகம்.

அதை அவர் எனக்குக் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறு அறையும் காலி என்று வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். பிறகு சிலிண்டரின்மேல் கட்டைவிரலை லேசாகத் தேய்த்துக்கொண்டே சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். நல்ல ரிவால்வரில் சுத்தியல் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். என்னுடையதில் ஆறில் இரண்டு அறைகளுக்கு அந்த 'டக்' வரவே இல்லை. இதைப் பார்க்க அரை நிமிஷம் போதும். வாங்கிய அன்று எனக்குத் தெரியாது.

பூச்சைப் பார்த்து வாங்காதீர்கள். குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே துரு தின்ற குழிகள் தெரிந்தாலோ, வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். அந்த வளையம், முன்பு எப்போதோ ஒரு குண்டு உள்ளே மாட்டி நின்று, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டதன் தடம்.

---

புதுப்பேட்டை2019

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் "தனியாளிடம் வாங்கினால் டெக்சாஸில் எந்தச் சோதனையும் இல்லை" என்கிறார். வாங்கலாமா?

---

பழைய இரும்பு

தம்பி, தயவுசெய்து வேண்டாம். மத்தியச் சட்டப்படி எச்-1பி மாதிரிக் குடியேற்றமில்லா விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி நீயாக முடிவெடுக்காதே, குடியேற்ற வழக்கறிஞரைக் கேள். சோதனை இல்லாமல் வாங்க முடிகிறது என்பதால் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

இழையைத் தொடங்கிய தம்பிக்கும் இதில் ஒரு விஷயம். டெக்சாஸ்காரர் இருவருக்குள் விற்றால் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்கு இரண்டு பேரும் போய், பின்னணிச் சோதனைக்கான 4473 படிவம் எழுதிக் கை மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை கட்டணம் மாறும், பெரிய தொகை இல்லை. உன் பேருக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு ஒரு காகிதம் இருக்கும். சீரியல் எண்ணைச் சுரண்டிய துப்பாக்கி என்றால் கையால் தொடக்கூடாது.

---

மலைச்சரிவு

நான் கூடலூர்ப் பக்கம். அமெரிக்கக் கதை இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி, இங்கிலாந்தில் செய்தது. லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறி இப்போது என் பெயரில். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று ஆனதால் மூன்றாவதாக இருந்த ஒன்றை ஒப்படைத்துவிட்டோம். தாத்தாவுடையதை மட்டும் மனசு வராமல் வைத்துக்கொண்டேன்.

குழலில் நீரலை மாதிரி வரிவரியாக ஓடும். சின்ன வயதில் அதை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். காட்டுப்பன்றி தொல்லை கூடியபோது அதில் இன்றைய தோட்டா வாங்கிப் போடலாம் என்று லைசென்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பெரியவர் குழலைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தம்பி, இது டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்தது. கருமருந்துக்குச் சோதித்தது. இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்த நைட்ரோ முத்திரை இல்லை. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் உன் இடது கைக்குப் பக்கத்தில் பிளக்கும்" என்றார். அறையின் நீளத்தையும் அளந்தார். இரண்டரை அங்குலம். இப்போது வரும் தோட்டா இரண்டே முக்கால். வினோதம் என்னவென்றால், சுடாத தோட்டா அதில் அழகாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சுட்ட பிறகுதான் அதன் முன்முனை மடிப்பு விரிந்து நீளும், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பொருந்துகிறதே என்று நம்பிப் போடுகிறவன் ஏமாந்துபோவான்.

இப்போது அது வெறும் நினைவுப் பொருள். வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன்.

---

இரவுப்பணி

அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று பேச வரவில்லை. நான் பார்ப்பதில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. "காலி என்று நினைத்தேன்."

ஒருவரைச் சொல்கிறேன். பழையதாக வாங்கிய பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்திருக்கிறார். மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். பிரித்துத் துடைக்க வேண்டுமென்றால் அந்த வகையில் ஒருமுறை விசையை அழுத்தியாக வேண்டும். அழுத்தினார். சேம்பரில், அதாவது குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா இருந்திருக்கிறது. உள்ளங்கையின் வழியாகப் போய் தொடையில் பாய்ந்தது. என்னிடம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. "மேகசினைக் கழற்றிவிட்டேனே" என்றுதான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வடக்குடாலஸ் தம்பி, உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது 120 டாலர் இல்லை, 6 வயதுப் பையன். அவனுக்கு எட்டாமல் எங்கே, எந்தப் பெட்டியில், யார் கையில் சாவி என்பதை முடிவு செய்யாமல் எந்தத் துப்பாக்கியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால் பூட்டு ஏதாவது ஒன்று சேர்த்துத் தர வேண்டும் என்று 2005லிருந்து சட்டம் இருக்கிறது. தனியாள் விற்கும்போது அது கட்டாயமில்லை. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்தால் பெற்றவர்மேலேயே வழக்கு வரும். வழக்கு வருவது இருக்கட்டும். நான் அந்தப் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் மனைவிக்கு இது சம்மதமா என்றும் நீங்கள் எழுதவில்லை.

---

வடக்குடாலஸ்

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். அவளிடம் சொல்லாமல்தான் வாங்க இருந்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு இந்த இழை முழுவதையும் அவளுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய்ப் பின்கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். "முதலில் இதற்கு நல்ல பூட்டும் விளக்கும் போடு, அப்புறம் மற்றது" என்றாள். அதைச் செய்துவிட்டோம். பின்வாசலில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு போட்டாயிற்று.

நண்பரிடமும் பேசினேன். அவருக்குச் சமரசம், வழக்கு எதுவுமே தெரியாது. முகம் மாறிவிட்டது. தினமும் தன் மகளைப் பள்ளியில் விடும் டிரக் அது. அன்றைக்கே காலி செய்து பெட்டியில் பூட்டிவிட்டு, நிறுவனத்துக்குப் போன் போடுகிறேன் என்றார். நான் வாங்கவில்லை.

ஆனாலும் ஒன்று வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். கையில் 350 டாலர் வரை இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

---

கரிசல்காட்டான்

போலீஸ் திருப்பிக் கொடுத்த பழைய துப்பாக்கிகளைப் பார். எஃப்பிஐ .40 என்ற தோட்டா அளவிலிருந்து 9 எம்எம்முக்குத் திரும்பிய பிறகு ஏகப்பட்ட போலீஸ் துறைகளும் மாறின. அவர்கள் விட்ட .40 அளவு க்ளாக் கம்பெனிப் பிஸ்டல்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. வெளியே உறையில் உரசி விளிம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும், பார்க்க அசிங்கம். ஆனால் வருஷம் முழுக்க இடுப்பில் தொங்கியிருக்குமே தவிரச் சுட்டது குறைவு, பராமரிப்பும் இருந்திருக்கும். .40 கொஞ்சம் உதைக்கும், தோட்டா விலையும் கூடுதல். புதிதாகப் பழகுகிறவருக்கு 9 எம்எம் கிடைத்தால் நல்லது.

இருட்டில் ஒளிரும் சைட் (குறிபார்க்கும் முனை) இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் செய்த வருஷத்தைக் கேள். அதில் இருப்பது ட்ரிடியம் என்ற கதிரியக்க வாயு. 12 வருஷத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரிகாயில் ஸ்ப்ரிங்கை, துப்பாக்கி வாங்கியதும் மாற்றிவிடு, சின்னச் செலவுதான்.

---

வடக்குடாலஸ்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். க்ளாக் 17, போலீஸ் துறை ஒன்று திருப்பிக் கொடுத்தது, 340 டாலர். கடை வழியாக, 4473 எழுதி வாங்கினேன். துப்பாக்கி வருவதற்கு நான்கு நாள் முன்பே பெட்டி வந்துவிட்டது. எங்கள் அறை அலமாரிக்குள் சுவர்க் கட்டையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். எண் பூட்டு, எண் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். கன்ஸ்மித் பிரித்துப் பார்த்து, ஸ்ப்ரிங் மாற்றி, 45 டாலர் வாங்கிக்கொண்டார். ஸ்லைடில் யாரோ ஓர் அதிகாரியின் உறை தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது.

அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கு நானும் மனைவியும் சேர்ந்து போனோம். இரண்டு பேருமே இப்போது மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுப் பார்க்கிறோம். அக்கா, அது உங்களுக்காக.

நாளைக் காலை முதல்முறையாக ரேஞ்சுக்கு. ஞாயிறு ரேஞ்ச் அண்ணா கூட வருகிறார்.

---

ஞாயிறு ரேஞ்ச்

எட்டு மணிக்கு வந்துவிடு. கண்ணாடியும் காதடைப்பும் இரண்டு பேருக்கும். கடையில் வாங்கிய புதிய தோட்டா மட்டும் கொண்டுவா. யாராவது வீட்டில் நிரப்பியதைக் கொடுத்தால் வாங்காதே.

முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவாய். சரியாக இருந்தால் அடுத்து இரண்டு. ஒருமுறை விசையை அழுத்தி இரண்டும் போய்விட்டால் உள்ளே கோளாறு, அங்கேயே நிறுத்திவிடுவோம். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் முப்பது விநாடி இலக்கையே பார்த்துப் பிடித்திரு. டமார் என்று கேட்க வேண்டிய இடத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது, குழலுக்குள் பார்த்த பிறகுதான். இரண்டும் சரியாகப் போன பிறகு மேகசினை நிரப்பலாம்.